ஏழாம் வரிசையின் பச்சை

மார்ச் 4

அன்புள்ள வாலு,

அண்ணி எழுதுகிறேன். கவரைப் பார்த்ததும் இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். நீ போனை எடுத்திருந்தால் எனக்கு இந்தக் கைவலி மிச்சம். உன் அண்ணன் கூப்பிட்டு நீ எடுக்காதது சரி. அவர் அன்றைக்குப் பேசிய பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். ஆனால் என்னையும் சேர்த்தல்லவா ஒதுக்குகிறாய். எப்போது அடித்தாலும் அத்தைதான் எடுத்து, "அவ குளிக்கிறாம்மா" என்கிறார்கள். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு நாலு தடவையா குளிப்பாள்?

இங்கே வந்து ஐந்து வாரம் ஓடிவிட்டது. வீடு மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறைக் குழாய்தான் தெரிகிறது. பெட்டிகளில் பாதியை இன்னும் பிரிக்கவில்லை. புது அலுவலகத்திலும் அதே வேலைதான். அங்கே இருநூற்று நாற்பது கம்ப்யூட்டர்கள் ஒன்றுசேர்ந்து கணக்குப் போட்டன, இங்கே அறுநூறு. ஒவ்வொன்றும் பதினைந்து வினாடிக்கு ஒருமுறை தன் சூடு, விசிறியின் வேகம், வேலைப்பளு எல்லாவற்றையும் சொல்லி அனுப்பும். அதை வாங்கி, பார்க்கிறவருக்குப் புரிகிற மாதிரி திரையில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதை உனக்குப் போய்ச் சொல்கிறேன் பார்! மூன்று வருடம் நான் மாடியில் கட்டிய டேஷ்போர்டைக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவளே நீதானே.

உன்னைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அத்தை சொன்னார்கள். தற்காலிகம் என்றால் தற்காலிகம்தான், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. விசாரணையில் எதையும் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதே. நீ கவனமாக வேலை பார்ப்பவள் என்று எனக்குத் தெரியும்.

வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு தடவை குளிக்கவில்லை, கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அழுதால் நீங்கள் சமாதானம் சொல்வீர்கள், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். என் பக்கத்தை இதுவரை யாருமே முழுசாகக் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

அந்த வியாழக்கிழமை எனக்கு மதிய ஷிஃப்ட். ஏழாம் வரிசைக் கம்ப்யூட்டர்களுக்குக் குளிர்காற்று தருகிற யந்திரம் ஒன்று ஐம்பதுக்கு நின்றுபோனது. ஒன்று ஐம்பத்து நாலுக்கு அந்த வரிசையிலிருந்து தகவல் வருவதே நின்றுவிட்டது. இதெல்லாம் பின்னால் அவர்கள் கண்டுபிடித்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். திரையில் ஏழாம் வரிசையின் பத்துக் கட்டமும் பச்சை. மணிக்கு ஒருமுறை ஷிஃப்ட் நோட்டில் எழுத வேண்டுமே, எழுதினேன். இரண்டு மணிக்கு ஏழாம் வரிசை 41 டிகிரி. மூன்று மணிக்கு 41. நாலு மணிக்கு 41. அதற்கு அப்புறம்தான் கூட்டிப் பெருக்குகிற அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, "உள்ள அனலா அடிக்குது, ஏதோ தீயுது, வந்து பாருங்க"ன்னு கத்தினாங்க. சேமிப்புப் பெட்டிகள் இரண்டு கருகிப் போயின. கடல் அலைகளைக் கணக்குப் போடுகிறாரே, நாம் அலைக்காரம்மா என்போமே, அவருடைய பதினொரு மாத வேலை அதில் போயிற்று.

மறுநாள் தலைவர் எல்லோரையும் நிற்க வைத்து, முந்தின நாளைத் திரையில் திரும்ப ஓட்டிக் காட்டினார். அண்ணி, ஒன்று ஐம்பத்து நாலுக்கு அந்தப் பத்துக் கட்டமும் சாம்பல் நிறமாகின்றன. இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் சாம்பலாகவே நிற்கின்றன. அலாரம் சூட்டுக்குத்தான் அடிக்கும், தகவல் வராத சாம்பலைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பது வேலையில் சேர்ந்த முதல் நாள் நீங்கள் சொல்லிக் கொடுத்தது. "இது பச்சையாத்தான் இருந்துச்சு சார்"னு சொன்னேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். தலைவர் என் நோட்டைக் கையில் எடுத்து, "நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு. மேல் வரியப் பாத்து கீழ் வரி எழுதிட்டீங்க. தகவலே வராத நேரத்துல இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

கண் டாக்டரிடம் போனேன். நிறக்குருடு இருக்கிறதா என்று புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டினார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கு, எதுக்கும்மா வந்தீங்க?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. கண்ணில் ஏதாவது கோளாறு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அண்ணன் சொன்னது காதிலேயே நிற்கிறது. "உனக்காக நான் போய்ச் சிபாரிசு பண்ணேன். இப்ப என் மூஞ்சியில கரியைப் பூசிட்டே. பார்க்கலைன்னா பார்க்கலைன்னு சொல்லு, பொய் எதுக்கு சொல்றே?" அவன் என்னைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை, சின்ன வயதில்கூட.

வாலு


மார்ச் 17

அன்புள்ள வாலு,

கடிதத்தை அலுவலகத்திலேயே படித்துவிட்டேன். அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

உன் கண்ணில் ஒன்றும் இல்லை. இன்னொரு டாக்டரிடம் போகாதே. யந்திரம் என்றால் எத்தனையோ விதமாகப் பிசகும். விசாரணைக்கு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தெரியாது, கையில் ஒரு ஆள் கிடைத்தால் போதும் அவர்களுக்கு.

உன் அண்ணன் இங்கேயும் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அதையேதான் ஆரம்பிக்கிறார். "கவனக்குறைவுகூட மன்னிச்சுடலாம். பச்சையா இருந்துச்சுன்னு அடம் பிடிக்கிறா பாரு, அதைத்தான் தாங்க முடியல" என்கிறார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கிறேன். உனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஒன்று யோசித்தேன். அந்த இடமே உனக்கு எதற்கு? விட்டுவிட்டு இங்கே வந்துவிடேன். எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள், நான் சொல்கிறேன். பின்னறை காலியாகத்தான் இருக்கிறது, பெட்டிகளை எடுத்தால் கட்டில் போடலாம். அத்தையையும் கூட்டிக்கொண்டு வா. பழசை எல்லாம் மறந்துவிடலாம்.

அண்ணி


மார்ச் 23

அண்ணிக்கு,

நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் படித்ததும் சுருக்கென்று குத்தியது. பழசை மறப்பதா? நான் தப்புச் செய்துவிட்டு ஊரை விட்டு ஓடிவருகிற மாதிரியும், நீங்கள் முந்தானையில் மறைத்து வைத்துக்கொள்கிற மாதிரியும் அல்லவா இருக்கிறது. பொய்க்காரியைப் பின்னறையில் கட்டில் போட்டு வைத்துக்கொள்ள அண்ணன் ஒத்துக்கொள்வானா?

இங்கே நிலைமை இதுதான். ஏப்ரல் இரண்டாம் தேதி கடைசி விசாரணை. தலைவர் கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார். "அன்னைக்குத் திரையைக் கவனிக்கலை, நோட்டை அப்படியே நிரப்பிட்டேன்னு எழுதிக் கொடுத்துடுங்க. எச்சரிக்கையோட விட்டுடறேன், மூணு மாசத்துல வேற பிரிவுல சேர்ந்துக்கலாம். பச்சையா இருந்துச்சுன்னே நின்னீங்கன்னா, பொய்ப் பதிவுன்னு வேலையை விட்டே எடுக்கணும்" என்றார். அம்மா எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி டீ வாங்கிக் கொடுத்து அதையே சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மூன்றேகாலுக்கு எழுந்து வராந்தாவுக்குப் போனேன். சித்தி போன் பண்ணியிருந்தார்கள். எட்டு நிமிடம். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த எட்டு நிமிடம் எனக்குள்ளேயே ஊதி ஊதிப் பெருத்துக்கொண்டு வருகிறது. எட்டா, இல்லை எண்பதா? உட்கார்ந்திருந்த நேரத்திலும் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா? தினமும் பச்சையாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து, அன்றைக்கும் பச்சையாகவே மனசு பார்த்திருக்குமோ? இப்போது கண்ணை மூடினால் அந்தக் கட்டங்கள் சாம்பலாகவே வருகின்றன. என்னை நானே நம்பவில்லை என்பது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது தெரியுமா?

அதனால் ஒரே ஒரு கேள்வி. அந்தத் திரையைக் கட்டியவர் நீங்கள். அதன் உள்ளும் புறமும் உங்களைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. தகவல் வராதபோது அது பச்சை காட்டுமா? வாய்ப்பு இருக்கிறதா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

வாலு


மார்ச் 27

அன்புள்ள வாலு,

சாதாரணமாகக் காட்டாது. தகவல் வராவிட்டால் சாம்பல்தான் வரும்.

எது உனக்கு நல்லதோ அதைச் செய். எப்படிச் செய்தாலும் நான் உன் பக்கம்.

அவசரமாக ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

பதிலுக்கு நன்றி. நேற்றுக் கிடைத்தது.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். "திரையைக் கவனிக்கவில்லை. நோட்டில் உள்ள எண்களைப் பார்க்காமல் எழுதினேன். பச்சையாக இருந்ததாக நான் சொன்னது உண்மை அல்ல." அவர்களே வாசகம் தயாரித்து வைத்திருந்தார்கள், நான் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவர் என் கையைக் குலுக்கி, "தைரியமான பொண்ணு" என்றார். வெளியே வந்து வராந்தாக் குழாயில் கையைக் கழுவினேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டுவிட்டேன், இனிமேல் பேசலாம் என்று.

வாலு


ஏப்ரல் 6

வாலு,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். அத்தை பக்கத்தில் இருக்க வேண்டாம்.

பச்சையாகத்தான் இருந்தது. நீ பார்த்தது சரி. 41 டிகிரி என்று நீ எழுதியதும் சரி, திரையில் அதுதான் இருந்தது. உன் கண்ணும் சரி, புத்தியும் சரி. பொய் சொன்னவள் நான்.

எப்படி என்று சொல்கிறேன். போன வருடம் வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் கம்ப்யூட்டர் கூடத்தைப் பார்க்க வந்தார்களே, அதற்கு முந்தின நாள் தலைவர் திரை முன்னால் நின்று, "என்னம்மா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி அங்கங்க ஓட்டையா இருக்கு" என்றார். தகவல் வருவது ஒரு வினாடி தவறினாலும் கட்டம் சாம்பலாகித் திரும்பப் பச்சையாகும். திரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, பார்த்தால் தலை வலிக்கிறது என்று நீயும் சொல்வாய். அதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டு என்று ஒரு இடத்தில் மாற்றினால் போதும். அதிலேயே இன்னொரு காலிக் கட்டம் இருக்கும், எவ்வளவு நேரத்துக்கு அப்படிக் காட்டலாம் என்று. இரண்டு நிமிடம் என்று போட்டிருக்க வேண்டும். அப்புறம் யோசித்துப் போடலாம் என்று காலியாக விட்டேன். காலியாக விட்டால் காலத்துக்கும் காட்டும் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். மறுநாள் திரை அழகாக இருந்தது, தலைவர் முதுகில் தட்டினார், நான் திரும்ப அந்தப் பக்கமே போகவில்லை.

ஆகவே ஏழாம் வரிசை ஒன்று ஐம்பத்து நாலுக்கு வாயை மூடியதும், திரை அதன் கடைசிப் பேச்சையே இரண்டு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. 41, பச்சை.

இதோடு நின்றிருந்தால்கூட முட்டாள்தனம் என்று விட்டிருக்கலாம். அன்றைக்கு நாலரை மணிக்கு நீங்கள் எல்லோரும் கீழே விசிறியும் வாளியுமாக ஓடிக்கொண்டிருந்தபோது நான் மாடியில் என் மேஜையில் உட்கார்ந்து அந்த இடத்தைத் திறந்தேன். என்ன நடந்தது என்று பார்த்த அந்த நிமிடமே புரிந்துவிட்டது. பழையபடி மாற்றிச் சேமித்தேன். திரை பழைய நாளை ஓட்டிக் காட்டும்போது அப்போதைய படத்தைக் காட்டாது, சேர்த்து வைத்த தகவலை எடுத்துப் புதிதாக வரையும். அதனால் மறுநாள் நீங்கள் பார்த்தது நான் மாற்றிய திரை. நீ பார்த்தது அது இல்லை. "பச்சையாத்தான் இருந்துச்சு"ன்னு நீ சொன்னபோது நானும் அந்தக் கும்பலில்தான் நின்றேன். யாரோ சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அவர் எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். புது வேலைக்கான கடிதம் அப்போது என் பையில் இருந்தது. இந்தப் புது அலுவலகத்தார் நம் தலைவரிடம் என்னைப் பற்றி விசாரிப்பார்கள் என்று பயந்தேன். திரை கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நாலு பேர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம், உன்னை லேசாகக் கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. ஒவ்வொரு வாரமும் சொல்வது முந்தின வாரத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. உன் நோட்டைக் காட்டி உன்னைக் கேலி செய்தார்கள் என்று படித்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை, உனக்குப் பின்னறையில் கட்டில் போடுகிறேன் என்று எழுதினேன். நீ ஒரு வார்த்தை கேட்டாய், "சாதாரணமாக" என்று ஒரு வார்த்தையை முன்னால் ஒட்டி வைத்துப் பொய் சொன்னேன். கூட்டம் எதுவும் இல்லை. அன்றைக்கு எனக்கு விடுமுறை.

நீ கையெழுத்துப் போட்ட செய்தி நேற்று வந்தது. உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "அப்பாடா, இப்பவாவது ஒத்துக்கிட்டாளே" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். இதைவிடக் கீழே இறங்க ஒரு படி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தலைவருக்கும் இன்றே எழுதிவிட்டேன், இதே விவரத்தோடு. அவர் நம்பாவிட்டால் நீயே காட்டலாம். திரையின் அமைப்புப் பக்கத்தில் "மாற்றங்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அந்த வியாழக்கிழமை நாலு முப்பத்தாறுக்கு என் பெயரில் ஒரு மாற்றம் இருக்கும். அதை அழிக்க எனக்கு வழி தெரியும். அழிக்கவில்லை, தைரியமும் இல்லை. இரண்டரை மாதமாக யாராவது அதை அழுத்திவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒருவரும் அழுத்தவில்லை.

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. அதனால் கேட்கவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 15

அண்ணிக்கு,

இந்த ஐந்தாறு நாளில் உங்களுக்கு ஆறு கடிதம் எழுதினேன். ஒன்றையும் அனுப்பவில்லை. அனுப்பினால் தபால்காரர் கையே பொசுங்கியிருக்கும்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். அவர் மேஜையிலும் உங்களுடையது பிரித்துக் கிடந்தது. நான் கம்ப்யூட்டரைத் திருப்பி, நீங்கள் சொன்ன இடத்துக்குப் போய் அழுத்தினேன். நாலு முப்பத்தாறு. உங்கள் பெயர். அதற்கு முந்தைய அமைப்பை வைத்து அந்த வியாழக்கிழமையை ஓட்டினேன். ஏழாம் வரிசை பச்சை, 41, 41, 41. அண்ணி, நான் அங்கேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தபோதுகூட இப்படி அழவில்லை.

பல்லு விழுந்த வாய் என்று சொன்னவர் தலைவர்தானே, அது அவருக்கு ஞாபகம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்று கேட்டார். "முதல்ல பச்சைன்னீங்க. அப்புறம் பார்க்கவே இல்லைன்னு உங்க கையால எழுதிக் கொடுத்தீங்க. இப்ப மறுபடி பச்சைங்கறீங்க. அந்த நாற்காலியில நான் எப்படிம்மா உங்களை உட்கார வைக்கிறது? பார்த்ததைப் பார்க்கலைன்னு எழுதிக் கொடுக்கிறவங்க, நாளைக்குப் பார்க்காததைப் பார்த்தேன்னும் எழுதுவாங்க."

அவர்களேதான் வாசகம் எழுதி வைத்திருந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையெழுத்து என்னுடையது. உங்கள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த இடத்தில் எனக்குச் சேர வேண்டியதும் கொஞ்சம் இருந்தது. ஒரே எண் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கிறதே என்று நான் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. எல்லோரும் சொன்னபோதும் நான் பார்த்ததை விடாமல் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. அதற்கு நான் வெட்கப்படுகிறேன், அதில் உங்களுக்குப் பங்கு வேண்டாம்.

ஒரு தாளை வாங்கி, "நான் திரையைப் பார்த்தேன். பச்சையாக இருந்தது. ஏப்ரல் இரண்டாம் தேதி எழுதிக் கொடுத்தது பயத்தில் எழுதியது" என்று என் வாசகமாக எழுதிக் கொடுத்தேன். என்மேல் இருந்த புகாரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அந்த நாற்காலி மட்டும் கிடையாதாம். கணக்குகளை வரிசைப்படுத்துகிற பிரிவில் சேரச் சொன்னார், சேர்ந்துவிட்டேன். அங்கே திரை இல்லை, நல்லதுதான்.

போகிற வழியில் அலைக்காரம்மாவைப் பார்த்தேன். பிப்ரவரியில் நான் அவர் வீட்டுக்கே போய்க் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டேன், உங்களிடம் சொல்லவில்லை. அவர் அப்போது என்னைக் கட்டிக்கொண்டு, போனால் போகட்டும் என்றார். இப்போது விஷயத்தைச் சொன்னதும், "அப்ப அந்த மன்னிப்பு யாருக்குப் போச்சு?" என்று கேட்டார். நகைச்சுவையாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் சிரிக்கவில்லை.

உங்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. திரையை மாற்றியதை மன்னித்துவிடுவேன், அவசரத்தில் யாரும் செய்வதுதான். பயந்து மறைத்ததைக்கூட என்றைக்காவது மன்னிப்பேன். ஆனால் என் கண்ணை நானே சந்தேகப்பட்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன் என்று எழுதினேனே, அதைப் படித்த பிறகும் இருபது நாள் நீங்கள் சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள், அலுவலகம் போனீர்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்கு அண்ணனைவிட நீங்கள்தான் நெருக்கம். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அண்ணனிடம் நான் சொல்லமாட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. அது உங்கள் வேலை. நீங்கள் சொல்லாத வரைக்கும் அவன் கண்ணுக்கு நான் பொய்க்காரிதான், உங்களுக்கு அது சம்மதமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாலு


ஏப்ரல் 20

வாலு,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தேன், என் கடிதங்களில் என்ன எழுதினேன் என்பதையும் வாயாலேயே சொன்னேன். அந்த மார்ச் 27 கடிதத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு செருப்புக்குப் பாலிஷ் போட்டு முடித்தார், இன்னொன்றை அப்படியே வைத்துவிட்டார். "நான் அவளைப் பொய்க்காரின்னு சொன்னப்ப நீ பக்கத்துல இருந்தே" என்றார். இருந்தேன் என்றேன். "எனக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டு இருந்தே" என்றார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தட்டைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறார்.

புது அலுவலகத்திலும் சொன்னேன். என்னைத் திரை கட்டுகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டு, என்ன செய்வதென்று யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும். அலைக்காரம்மாவுக்கும் எழுதினேன். அவர் மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை, உனக்குத் தந்த மன்னிப்பு என் தப்புக்கானது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினேன்.

நேற்று உன் அண்ணன் மூன்று முறை உன் எண்ணைப் போட்டார், அடிப்பதற்கு முன்னாலேயே வைத்துவிட்டார். மூன்றாவது தடவை என்னைப் பார்த்தார். இரண்டு நாளில் பேசிய முதல் வார்த்தை. "அவ எடுத்தா நான் என்னன்னு பேசறது?" எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "நேர்லதான் போகணும்" என்றார். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். இரண்டு டிக்கெட்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு வாசலில் இருப்போம். அத்தையிடம் நானே சொல்கிறேன், நீ எதுவும் சொல்லி வைக்காதே. உன் அண்ணனுக்கு உன் முன்னால் வந்து நிற்கவே கூச்சமாக இருக்கிறது, என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பார். கதவைத் திறந்ததும் நான்தான் இருப்பேன். முதலில் என்னைத் திட்டித் தீர்த்துவிடு. அவர் முறை அப்புறம்.

அண்ணி